வெள்ளம் வடிந்தபின் வந்தவர்கள்



நமது கடற்கரைக்கு வெளிநாட்டார் வருகை புதிதன்று. பண்டைக் கிரேக்கர் 'சோபட்மா' எனக் குறித்த துறைமுகம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அவர்கள் வணிகத்திற்காக வந்தனர். வடக்கே கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையை 1750இல் முஸாஃபர் ஜங் பிரெஞ்சுக்காரரான டூப்ளேக்கு அளித்தார்; பத்தாண்டுகளில் ஆங்கிலேயர் அதனை இடித்துத் தள்ளினர். அதே ஆங்கிலேயர் 1805இல் சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் தமது ஏகபோகமாக்கிக் கொண்டதும், 1882 அளவில் பக்கிங்ஹாம் கால்வாயை மரக்காணம் வரை நீட்டியதும் நாம் அறிந்தவையே. இவ்வாறு வந்தோர் யாவரும் எதையேனும் கொண்டு செல்லவே வந்தனர்.

எதையும் கொண்டு செல்லாமல், கூலியும் கேளாமல், முன்பின் அறியாத ஊரின் சேற்றை அள்ளுவதற்கென்றே எல்லை கடந்து வருவோரும் உலகில் உளர். அவர்களது வரலாறு நூறாண்டைக் கடந்துவிட்டது. வரும் மழைக்காலத்திற்குப் பின் அத்தகைய சர்வதேசத் தொண்டர் முகாம் ஒன்றுக்கு நமது மதரஸாக் கட்டடத்தைப் பதினைந்து நாட்களுக்கு அளிக்கலாமா என்ற கேள்வி பொதுக்குழுவின் முன் வரவிருப்பதால், அவ்வரலாற்றைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விழைகிறோம்.

இம்முகாம்களைத் தொடங்கியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் என்பவர். 1879இல் பிறந்தவர், பொறியாளர். இவருடைய தந்தை பால் செரெசோல் 1873இல் அந்நாட்டின் தலைவராகவே இருந்தவர். அத்தகைய குடும்பத்தில் பிறந்தும், முதல் உலகப் போரின்போது இராணுவ வரி செலுத்த மறுத்து 1917இல் சிறை சென்றார். போர் முடிந்ததும், போரை எதிர்த்துப் பேசுவது மட்டும் போதாது, போர் இடித்ததைக் கட்டித் தரவும் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. 1920 நவம்பரில் பிரான்சின் வெர்டன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்ற சிற்றூருக்குச் சிலரோடு சென்றார். பீரங்கிக் குண்டுகள் தோண்டிய பள்ளங்களை மூடினர். தங்குவதற்குக் கொட்டகைகள் கட்டினர். அவர்களுள் ஜெர்மானியரும் இருந்தனர் என்பதே அம்முகாமின் சிறப்பு. அதன் முடிவுக்கும் அதுவே காரணமாயிற்று. நேற்றுவரை எதிரியாயிருந்தவனின் கையால் தங்கள் ஊர் எழுவதை அப்பகுதியினர் பலரால் பொறுக்க இயலவில்லை. 1921 வசந்த காலத்திலேயே அவர்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது.

இதில் அவ்வூராரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அவை. உதவி என்று வரும் கை எவருடையது என்று பார்க்கும் உரிமை, உதவி பெறுவோருக்கும் உண்டு.

போர் தந்த பகையை நேரே தொட்டுத் தோற்றவர்கள், அடுத்து இயற்கைப் பேரிடரின் பக்கம் திரும்பினர். 1924இல் டிச்சினோ மாநிலத்தின் சோமேயோ கிராமத்தை வெள்ளமும் மண்சரிவும் அழித்தபோது அங்கே முகாம் அமைத்தனர். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. பியரின் உடன்பிறந்தவரான எர்னஸ்ட் சுவிஸ் இராணுவத்தில் கர்னல். தம்பி இராணுவத்தை மறுத்துச் சிறை சென்றவர். இருவரும் கருத்தில் இரு துருவங்களாயிருந்தும் மண்ணள்ளும் வேலையில் ஒன்றுபட்டனர். முகாம்களுக்கு ஒழுங்கையும் நேரக் கட்டுப்பாட்டையும் கற்றுத் தந்தவர் அந்தக் கர்னலே எனலாம்.

எனினும், சர்வதேச முகாம் என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது 1928ஆம் ஆண்டு முகாமுக்கே. சுவிட்சர்லாந்திற்கும் ஆஸ்திரியாவிற்கும் இடையே லீக்டன்ஸ்டைன் என்றொரு மிகச் சிறிய நாடு உள்ளது. அக்காலத்தில் அதன் மக்கள் தொகை பத்தாயிரம் அளவே. 1927 செப்டம்பர் 25 அன்று ரைன் நதி பெருக்கெடுத்து ஷான் என்னும் ஊருக்கருகே கரையை உடைத்தது. வீடுகள் மூழ்கின, நீர் வடிந்தபோது விளைநிலங்களின் மேல் மணலும் சரளைக் கல்லும் படிந்து கிடந்தன. நீரை வடிப்பது நதியின் வேலை. சரளையை அகற்றுவது மனிதனின் வேலை. அவ்வளவு கைகள் அச்சிறு நாட்டில் இல்லை. மறு ஆண்டு கோடையில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 700க்கும் மேற்பட்ட தொண்டர்கள் அங்கே வந்து மாறி மாறி வேலை செய்தனர். மாணவரும் ஆசிரியரும் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமே கருவிகள். தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டிகளில் சரளையை ஏற்றி அப்புறப்படுத்தினர். பெண்கள் சமையலையும் துணி வெளுப்பதையும் ஏற்றனர். அவ்வேலை இல்லாதிருந்தால் முகாம் ஒரு வாரங்கூட நின்றிராது.

வெள்ளம் வந்தது செப்டம்பரில், முகாம் நடந்தது மறு ஆண்டில் என்பதை ஜமாஅத்தார்கள் கவனிக்க வேண்டுகிறோம். உணவுப் பொட்டலம் வழங்குவோர் முதல் மூன்று நாட்களில் வருவர். ஆறு மாதம் கழித்து வருவோர் வேறு வகையினர்.

இந்த அமைப்பினர் நமது நாட்டிற்கும் வந்தனர் என்பது பலர் அறியாத செய்தி. 1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூமி பிளந்த இடங்களிலெல்லாம் நீரும் மணலும் பீறிட்டு வயல்களை மூடின. நிலத்தின் ஏற்ற இறக்கம் மாறிப்போனதால், முன்பு நீர் வடிந்த பாதைகள் அடைபட்டு, நிலநடுக்கத்தில் தப்பிய கிராமங்களும் வெள்ளத்திற்கு இரையாகும் நிலை உண்டாயிற்று. சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட இராஜேந்திர பிரசாத் நிவாரணக் குழுவின் தலைமையை ஏற்றார். 1931 டிசம்பரில் காந்தியடிகள் சுவிட்சர்லாந்து சென்றபோது அவரைச் சந்தித்திருந்த செரெசோல், 1934இல் இந்தியா வந்து நிலைமையை நேரில் கண்டார். பின்னர் ஜோ வில்கின்சன், பால் ஷெங்கர், ஃப்ரேசர் ஹாய்லண்ட் ஆகியோரும் அவரோடு இணைந்தனர். முஸாஃபர்பூர் மாவட்டத்தில் தாழ்வான இடங்களிலிருந்த கிராமங்களை மேட்டு நிலத்திற்கு மாற்றிக் கட்டும் பணி 1937 வரை நடைபெற்றது. அவ்வாறு எழுந்த குடியிருப்புகளுள் ஒன்றிற்குச் 'சாந்திப்பூர்' என்று பெயர். (ஆலம்பரையை அளித்த முஸாஃபர் ஜங்கிற்கும் இந்த முஸாஃபர்பூருக்கும் தொடர்பில்லை. வெற்றி பெற்றவர் என்ற பொருளுடைய அரபுச் சொல் இரு பெயர்களிலும் இருப்பது மட்டுமே ஒற்றுமை.)

லீக்டன்ஸ்டைனில் 700 பேர். பீகாரிலோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஆயினும் பீகார்ப் பணியையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஆங்கில அரசும் காங்கிரஸாரும் ஒருவரையொருவர் ஐயுற்றிருந்த அக்காலத்தில், இருசாராரோடும் பேசிப் பணியாற்றும் வாய்ப்பு இவ்வெளியாருக்குக் கிட்டியது. அதனினும் முக்கியமானது வேறொன்று. லீக்டன்ஸ்டைனில் உழவன் தன் சொந்த நிலத்தை மீட்க ஆளின்றித் தவித்தான். அங்கே இலவசக் கைகள் வரம். பீகாரிலோ கைகளுக்குக் குறைவில்லை, கூலிக்கே குறைவு. வேலைக்கு ஏங்கி நிற்கும் ஆயிரம் பேருக்கு நடுவே, கடல் கடந்து வந்தவன் கூலியில்லாமல் மண் சுமப்பது உதவியா, இடையூறா? உள்ளூர் மக்களே கூலி பெற்று உழைக்க, இவர்கள் அவர்களோடு உடன் உழைப்போராகவும், வேலையைத் திட்டமிடுவோராகவும் இருந்தால்தான் அந்தத் தொண்டிற்குப் பொருள் உண்டு.

இக்கேள்வியை நாம் விடாமல் எழுப்புவதற்குக் காரணம் நமது உப்பளங்களே.

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பு விளைகிறது. உப்பளத் தொழிலாளியின் ஆண்டு ஜனவரியில் பிறந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் முடிந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லை. சில ஆண்டுகளாகத் தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கி வருவது பாராட்டுக்குரியது. ஆனால் மூன்று மாதத்திற்கு அது எத்தனை நாள் வரும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். வெள்ளம் புகுந்தால் நிகழ்வது என்ன? மேட்டில் குவித்துக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடிய உப்பு கரைகிறது. வரப்புகள் உடைகின்றன. மிதித்து மிதித்து இறுக்கிய பாத்தியின் தரைமீது வண்டல் படிகிறது. உவர்நீரில் நன்னீர் கலந்து அடர்த்தி குறைகிறது. மோட்டார்கள் சேற்றில் புதைகின்றன. பாத்தியைத் திரும்பப் பதப்படுத்தும்வரை உப்பு இல்லை. உப்பில்லையேல் வாருகிறவருக்கும் தலையில் சுமக்கிறவருக்கும் கூலியில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்குத் தெற்கே கரையைக் கடந்தது. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் மரக்காணம் அருகிலேயே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. கழுவெளிக்கு வந்து சேரும் நீர் அத்தனையும் இப்பக்கமே வடிய வேண்டும். நமது அளங்கள் ஏரியாகக் காட்சியளித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

நிவாரணம் வராமலில்லை. ஆனால் நிவாரணத்திற்கும் ஒரு கண் உண்டு. அது படகையும் வீட்டையும் வயலையும் காணும், தினக்கூலியைக் காணாது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தமிழகக் கடற்கரை முழுவதும் இதுவே நிகழ்ந்தது. உலகெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. சில ஊர்களில் தேவைக்கு மேற்பட்ட ஃபைபர் படகுகள் வழங்கப்பட்டன. எவரும் உடுத்த விரும்பாத பழைய துணிகள் சாலையோரம் மலைபோல் கிடந்தன. படகு இல்லாத உப்பளத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் இருளர்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றனர். இழந்ததைக் காட்டினால்தான் இழப்பீடு. காட்டுவதற்கு ஒன்றுமில்லாதவன் எதைக் காட்டுவான்?

அச்சுனாமியிலேயே நன்கு நடந்த செயல்களும் உண்டு. பரங்கிப்பேட்டையில் திருமணத்திற்கெனச் சமைத்த உணவு அன்றே கடலோர மக்களுக்குப் பகிரப்பட்டதும், அங்குள்ள ஜமாஅத் ஆயிரக்கணக்கான மீனவ மக்களுக்கு நாட்கணக்கில் உணவும் இடமும் தந்ததும் நமக்குப் பெருமை. நமக்கு அருகே ஆரோவில்லில், அலையைக் கண்டு அஞ்சிக் கடலை விட்டு ஒதுங்கியிருந்த மீனவப் பெண்களுக்குக் கழிவுத் துணியில் 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மை செய்யக் கற்பித்தனர். செய்த பொம்மைக்கு அவர்கள் கூலியும் பெற்றனர். பொருளைவிட வேலையை முதலில் அளித்த திட்டம் அது. பலரும் அதனை விளையாட்டாகக் கருதியதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை.

இனி, நம்முன் உள்ள கேள்விக்கு வருவோம். முகாமை வேண்டாம் என்போர் கூறும் காரணங்களுள், அந்நியர் நமது கட்டடத்தில் தங்குவது முறையா என்பதற்கு நாம் பெரிதும் இடம் கொடுப்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எத்தனையோ பள்ளிவாசல்கள் எம்மதத்தாருக்கும் திறந்துவிடப்பட்டன. பெண்களுக்குத் தனியிடமும் தனிக் குளியலறையும் வேண்டும் என்பது நியாயம், ஏற்பாடு செய்யலாம். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும், அவர்களது விசா ஊதியமில்லாத் தொண்டிற்கு இடம் தருகிறதா என்று பார்ப்பதும் நிர்வாகத்தின் கடமை. வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாயும் ஜமாஅத் கணக்கில் ஏறலாகாது. அதற்கெனத் தனிச் சட்டம் உண்டு.

உப்பளத்தில் வேலை செய்யும் நமது ஜமாஅத்தார் சிலர் மெல்லிய குரலில் கேட்ட கேள்வியே கனமானது: "ஜனவரியில் வரப்பு கட்டுவதும் பாத்தி மிதிப்பதும்தான் எங்களுக்கு முதல் கூலி. அதை இவர்கள் சும்மா செய்து கொடுத்துவிட்டால் நாங்கள் எங்கே போவது?" இதற்கு விடை இல்லாமல் முகாமை வரவேற்பது தகாது என்பது நமது கருத்து. அளத்தின் பழுதைக் கூலி கொடுத்துச் சரிசெய்வது அளத்தை நடத்துவோரின் பொறுப்பு. முகாமுக்கு வருவோர் அளத்துக்குள் இறங்க வேண்டாம்.

எவரும் கூலி தராத வேலைகள் குடியிருப்புகளில் கிடக்கின்றன. வெள்ளத்தில் உவர்ந்துபோன குடிநீர்க் கிணறுகளை இறைத்துத் தூர்வார வேண்டும். குடியிருப்புகளின் வடிகால்கள் இரண்டு மழைகளாக மூடிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லும் பாதையை ஒரு முழம் உயர்த்தினால் நவம்பரிலும் கால் நனையாமல் போகலாம். கரைகளில் பனைவிதை நடலாம். கழுவெளி 2021 முதல் பறவைகள் சரணாலயமாக உள்ளதால், அதன் எல்லைக்குள் ஒரு கூடை மண்ணெடுப்பதாயினும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

எந்தக் கிணறு முதலில், எந்த வடிகால் பிறகு என்பதை உப்பளத் தொழிலாளர் குடும்பங்களே, குறிப்பாகத் தண்ணீர் சுமக்கும் பெண்களே எழுதித் தரட்டும். அப்பட்டியலைப் பொதுக்குழுவுக்கு முந்தைய ஜும்ஆவிற்குள் செயலாளரிடம் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டுள்ளோம். இதுவரை ஏழு கிணறுகளின் பெயர் வந்துள்ளது.