பிரான்கி நக்கிள்ஸ்

பிரான்கி நக்கிள்ஸ் (சனவரி 18, 1955 – மார்ச் 31, 2014) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டிஜேயும் இசைத் தயாரிப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் பிரான்சிஸ் வாரன் நிக்கோல்ஸ். சிகாகோ நகரின் நடன விடுதி ஒன்றில் இவர் வளர்த்த இசைப் பாணியே ஹவுஸ் இசையாக மலர்ந்தது. அதனால் இவர் ஹவுஸ் இசையின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

தொடக்கம்

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். 1970களின் தொடக்கத்தில், நண்பர் லாரி லெவனுடன் கான்டினென்டல் பாத்சு என்னும் விடுதியில் இசைத்தட்டுகளை இயக்கப் பழகினார். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் இணைத்து, ஆடுவோரை இரவு முழுவதும் நிற்கவிடாமல் வைத்திருப்பதே அந்தக் கலை.

வேர்ஹவுஸ்

1977இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் சிகாகோவில் ஒரு நடன விடுதியைத் தொடங்கினார். அவர் முதலில் அழைத்தது லெவனைத்தான். லெவன் வர மறுக்கவே, வாய்ப்பு நக்கிள்சுக்கு வந்தது. தெற்கு ஜெபர்சன் தெரு, 206ஆம் எண்ணில் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடம் முன்பு தொழிற்கூடமாக இருந்தது. அதனால் வேர்ஹவுஸ், அதாவது கிடங்கு, என்ற பெயர் ஏற்பட்டது.

அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, இலத்தீன் அமெரிக்கத் தன்பாலீர்ப்பு இளைஞர்கள். நிறத்தாலும் பாலீர்ப்பாலும் இருமுறை ஒதுக்கப்பட்ட அவர்களுக்கு, அச்சமின்றி ஒன்றுகூட ஓர் இடம் கிடைத்தது. மது கிடையாது, பழச்சாறுதான். ஆனாலும் சனி இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிறு பகல் வரை நீடித்தது. அங்கு ஒலிக்கும் பாட்டுகளைத் தேடி இசைத்தட்டுக் கடைகளுக்குப் பலர் வந்தனர். வேர்ஹவுஸ் என்ற பெயர் சுருங்கி ஹவுஸ் ஆயிற்று என்பதே பரவலாக ஏற்கப்பட்ட பெயர்க் காரணம்.

டிஸ்கோ எதிர்ப்பு

1979 சூலை 12 அன்று, அதே நகரின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருவோருக்கு நுழைவுச்சீட்டு 98 சென்ட். வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் தால் தலைமையில், பெட்டி நிறைய இசைத்தட்டுகள் மைதானத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் உள்ளே பாய்ந்ததால் இரண்டாவது ஆட்டம் நடைபெறவில்லை. அன்று அரங்கில் இருக்கை காட்டும் பணியில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், டிஸ்கோ அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் வந்து குவிந்ததைக் கண்டதாகப் பின்னர் கூறினார். வெறுப்பு ஓர் இசை வகையின் மீது மட்டும்தானா என்ற கேள்வி இதனால் எழுகிறது.

இதன்பின் பெரிய நிறுவனங்கள் டிஸ்கோ வெளியிடுவதைக் குறைத்தன. புதிய தட்டுகள் அருகின. நக்கிள்ஸ் பழைய பாட்டுகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார். தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதிகளை மீண்டும் மீண்டும் வரச் செய்தார். ஹவுஸ் என்பது டிஸ்கோவின் பழிவாங்கல் என்று அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொன்னதன் பின்னணி இதுதான்.

ஹவுஸ் இசையின் வளர்ச்சி

1982இல் வேர்ஹவுசை விட்டு விலகி, பவர் பிளான்ட் என்ற சொந்த விடுதியைத் தொடங்கினார். டெட்ராய்ட் இசைக்கலைஞர் டெரிக் மேயிடமிருந்து ரோலண்ட் டிஆர்-909 என்ற மின்னணுத் தாளக் கருவியை வாங்கி, இசைத்தட்டுடன் சேர்த்து இயக்கினார். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில், ஒவ்வோர் எண்ணிக்கையிலும் பேஸ் டிரம் சமமாக விழுவதே ஹவுஸ் தாளத்தின் அடிப்படை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள் விழும்.

1984இல் வெளிவந்த "ஆன் அண்டு ஆன்" முதல் ஹவுஸ் இசைத்தட்டாகப் பெரும்பாலும் கருதப்படுகிறது. அதை வெளியிட்டவர் ஜெசி சாண்டர்ஸ். உடன் எழுதியவர், தட்டுகள் தகர்க்கப்பட்டதை நேரில் கண்ட அதே வின்ஸ் லாரன்ஸ். நக்கிள்ஸ், ஜேமி பிரின்சிபிளுடன் "யுவர் லவ்" பாடலை உருவாக்கினார். 1987 சனவரியில் ஸ்டீவ் ஹர்லியின் "ஜாக் யுவர் பாடி" பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தபோது, சிகாகோவின் இசை கடல் கடந்துவிட்டது தெளிவாயிற்று.

பிற்காலம்

1980களின் இறுதியில் நியூயார்க் திரும்பி, டெப் மிக்ஸ் நிறுவனத்தில் டேவிட் மொராலசுடன் பணியாற்றினார். 1991இல் "தி விசில் சாங்" வெளியானது. சிறந்த மறுகலவையாளருக்கான கிராமி விருது 1998 விழாவில் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் இவரே.

நீரிழிவு நோயால் பாதிக்கப்பட்டு 2008இல் ஒரு பாதத்தை இழந்தார். அதன் பிறகும் மேடை ஏறினார். 2014இல் சிகாகோவில் தம் 59ஆம் வயதில் காலமானார்.

நினைவு

2004இல் ஜெபர்சன் தெருவின் ஒரு பகுதிக்குச் சிகாகோ நகரம் இவர் பெயரைச் சூட்டியது. அப்போது இல்லினாய் மாநில மேலவை உறுப்பினராக இருந்த பராக் ஒபாமா இதற்குத் துணைநின்றார். வேர்ஹவுஸ் இயங்கிய கட்டடம் 2023இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒதுக்கப்பட்டோர் கூடி ஆடிய இடத்தை, அதே நகரம் இன்று தன் வரலாற்றின் ஒரு பகுதியாகக் காத்து வருகிறது.