உலாவிப் பொறியும் நிரல் மரபும்

ஓலையிலே எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், எழுதினார் கையெழுத்தே படிப்பார் கண்ணுக்கு நேரே சென்று சேர்ந்தது. அச்சுப்பொறி வந்த பின்னர் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையே அச்சுக்கோப்பவர் ஒருவர் புகுந்தார். இக்காலத்தில் அவ்விடத்தே நிற்பது உலாவிப் பொறியாகும். சிவனொளிபாத மலையின் அடிவாரத்து நல்லதண்ணியிலே தோட்டத்து மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் தமிழ்ப் பக்கமொன்றைத் திறக்குங்கால், அவனிடம் வந்து சேர்வன எழுத்துகளல்ல, வெறும் எண்களே. அவ்வெண்களை வாங்கி, அவற்றுக்குரிய வடிவங்களைத் தேர்ந்து, வரியாக அடுக்கி, திரையிலே தமிழாக எழுதிக் காட்டும் நிரற்றொகுதியே உலாவிப் பொறி எனப்படும்.

இன்று பெருவழக்கிலுள்ள உலாவிப் பொறிகள் மூன்றும் மூலநிரல் திறந்தவை. அவற்றை எவரும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். ஒருவரையொருவர் நேரிற் காணாத ஆயிரக்கணக்கானோர் ஒரே நூலை எழுதுவது போன்றது இப்பணி. ஆதலின் நிரலை எவ்வாறு எழுதுவது, எழுதியதை யார் ஆராய்வது, மாற்றத்தின் காரணத்தை எங்கே பதிவது என்பன பற்றி அவர்களிடையே ஓயாத வாதங்கள் நிகழ்ந்து வந்துள்ளன. புறத்தே நிற்பார்க்கு இவை தொழிலாளர் தம்முள் நிகழ்த்தும் சிறு பூசலாகத் தோன்றலாம். தமிழ் திரையிலே சிதைந்து கிடந்ததும் பின்னர் செம்மையுற்றதும் இவ்வாதங்களின் பயனே என்பதை நோக்குவார்க்கு அவற்றின் பெறுமதி புலனாகும்.

இவ்வரலாற்றை 1998ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் பொருந்தும். அவ்வாண்டு ஜனவரி 22ஆம் நாள் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்து, மார்ச் 31ஆம் நாள் அவ்வாறே வெளியிட்டது. மொசில்லா என்னும் பணி அங்ஙனம் பிறந்தது. வெளியான நிரலைத் திருத்திக்கொண்டு செல்வதா, பக்கத்தை அமைக்கும் பகுதியை முற்றும் புதிதாக எழுதுவதா என்ற வாதம் விரைவில் எழுந்தது. ஆண்டின் இறுதிக்குள் பழையதைக் கைவிடுவதென முடிவாயிற்று. பின்னர் கெக்கோ எனப் பெயர் பெற்ற பொறி அதன் விளைவு. காலம் நீண்டது. பணியின் முன்னோடிகளுள் ஒருவரான ஜேமி சவின்ஸ்கி 1999இல் மனஞ்சலித்து விலகினார். ஓடுகின்ற நிரலை வீசிவிட்டு முதலிலிருந்து எழுதுதல் பெரும் பிழை என ஜோயல் ஸ்பொல்ஸ்கி 2000ஆம் ஆண்டிற் கடிந்துரைத்தார். மொசில்லாவின் 1.0 பதிப்பு 2002 ஜூன் மாதத்திலேயே வெளிவந்தது. வாணிக நோக்கிற் பார்ப்பின் ஸ்பொல்ஸ்கி கூற்று மெய்யே. நெட்ஸ்கேப் நலிந்து போயிற்று. ஆயினும் 2004 நவம்பரில் தோன்றி உலகெங்கும் பரவிய பயர்பொக்ஸ் நின்றது அப்புதிய அடித்தளத்தின் மேலேதான்.

அக்காலத்து மொசில்லா நிரலாளர்க்கென வகுக்கப்பட்ட விதிகள் இன்று படிப்பார்க்கு வியப்பளிக்கும். சி பிளஸ் பிளஸ் மொழியிலே வார்ப்புருக்களைக் கையாளாதே, விதிவிலக்குகளைக் கையாளாதே என அவை விலக்கின. மொழி வழங்கும் வசதியை மொழியாளரே மறுத்தமைக்குக் காரணம் உண்டு. அதே நிரல் விண்டோஸிலும் மக்கின்டோஷிலும் பல்வகை யுனிக்ஸ்களிலும் இயங்கவேண்டியிருந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பிகளோ ஒன்று போல் ஒன்று நடந்துகொள்ளவில்லை. எல்லாத் தொகுப்பிக்கும் பொதுவான எளிய மொழியிலே எழுதுக என்பதே விதியின் கருத்து. தொகுப்பிகள் திருந்தத் திருந்த இவ்விலக்குகளிற் பல தளர்ந்தன. எந்தத் திருத்தமும் ஓர் ஆய்வாளர் பார்த்து ஒப்பாமற் சேர்தல் கூடாது, பெரிய மாற்றங்களை மேலாய்வாளர் ஒருவரும் காணவேண்டும் என்ற மற்றொரு விதியும் அப்போது நிலைபெற்றது. தோட்டத்திலே நிறுக்கும் இடத்திற் கூடையைக் கிளறி முற்றிய இலையைத் தள்ளாமற் கொழுந்து ஆலைக்குப் போவதில்லை. அதனை ஒத்ததே இது.

இரண்டாவது மரபு ஐரோப்பாவிலே தோன்றியது. கே.டி.ஈ. என்னும் திறந்த மூலநிரற் பணியினர் தம் உலாவிக்கென எழுதிய பொறிக்குக் கே.எச்.டி.எம்.எல். என்று பெயர். 1999 முதல் அதனைப் புதுக்கி எழுதியவருள் தலையாயவர் ஜேர்மனியரான லார்ஸ் நோல். அளவிற் சிறியது, அமைப்பிலே தெளிவானது. அப்பிள் நிறுவனம் தன் சஃபாரி உலாவியை 2003 ஜனவரி 7ஆம் நாள் அறிவித்தபோது அதற்கு அடிப்படை இந்தப் பொறியே என்பதை உலகம் அறிந்தது. அன்று அப்பிள் கே.டி.ஈ. நிரலாளர்க்கு எழுதிய மடலில், ஒரு இலட்சத்து நாற்பதினாயிரம் வரிகளுக்கும் குறைந்த அதன் சுருக்கமும் தெளிவுமே தம்மை ஈர்த்தன என்று காரணமும் கூறப்பட்டது.

நட்புடன் தொடங்கிய இவ்வுறவு விரைவிற் கசந்தது. கே.எச்.டி.எம்.எல். உரிமத்தின்படி அப்பிள் தன் மாற்றங்களைத் திருப்பி வெளியிட வேண்டும், வெளியிட்டும் வந்தது. ஆனால் எப்படி? பல மாதத்து வேலையை ஒரே பொதியாகக் கட்டி வைத்தது. எந்த வரி எந்தக் குறையைத் தீர்க்க எழுதப்பட்டது, எந்த நாளில் யார் எழுதினார் என்ற வரலாறு அதிலே இல்லை. கோயிற் கல்வெட்டு ஒன்றிலே மெய்க்கீர்த்தியை மட்டும் விட்டுவைத்து, கொடையின் காரணத்தையும் நிலத்தின் எல்லையையும் கையெழுத்திட்டார் பெயரையும் செதுக்கி எடுத்துவிட்டால் ஆராய்ச்சியாளன் படும் பாட்டை இதனோடு ஒப்பிடலாம். 2005 ஏப்பிரலில் அசிட்-2 என்னும் கடுஞ்சோதனையிற் சஃபாரி தேறியதாகச் செய்தி வந்தது. அத்திருத்தங்கள் கே.டி.ஈ.யில் எப்போது சேரும் எனப் பலர் வினவியபோது, கே.டி.ஈ. நிரலாளர் சாக் ருசின் பொறுமையிழந்து வெளிப்படையாக மறுமொழி கூறினார். அப்பொதிகளைப் பிரித்துச் சேர்த்தல் எளிதன்று என்பதும், கூட்டுப்பணி என்று புறத்தார் கருதியது உண்மையில் நிகழவில்லை என்பதும் அம்மறுமொழியின் சாரம்.

அப்பிள் சட்டத்தை மீறவில்லை. உரிமம் கேட்டதைக் கொடுத்தது. உரிமம் கேளாத வரலாற்றைக் கொடுக்கவில்லை. நிரலைத் திறத்தல் வேறு, நிரல் எழுதும் அறையைத் திறத்தல் வேறு என்பது அவ்வேளையில்தான் பலர்க்கும் விளங்கியது. அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் அப்பிள் வெப்கிட் என்னும் பெயரில் தன் நிரற்களஞ்சியத்தையும் குறைப்பதிவேட்டையும் எவரும் காணத் திறந்து வைத்தது. வெப்கிட் பின்னர் வகுத்துக்கொண்ட விதிகளிலே இப்பூசலின் தழும்பைக் காணலாம். ஒவ்வொரு திருத்தத்தோடும் காரணங் கூறும் மாற்றக் குறிப்பு வேண்டும். தீர்த்த குறை மீண்டும் தலைகாட்டாவண்ணம் காக்கும் சோதனைப் பக்கம் ஒன்று வேண்டும். ஆய்வாளர் ஒப்புதல் வேண்டும். பொறியின் வேகத்தைக் குறைக்கும் திருத்தம் எதுவாயினும், அதனைச் சேர்த்தவர் திருத்தவேண்டும், அன்றேல் விலக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்தம் கட்டளை.

தமிழின் நிலை இவ்விடத்தே நோக்கற்பாலது. 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் 'கொ' என்னும் ஓரெழுத்தை எடுத்துக்கொள்வோம். அது கணினியிலே ககரம், ஒகரக் குறி என இரண்டு எண்களாகக் கிடக்கிறது. திரையிலோ கொம்பு முன்னே, ககரம் நடுவே, கால் பின்னே என மூன்று உருவமாக நிற்கவேண்டும். எண்ணின் வரிசை வேறு, உருவின் வரிசை வேறு. ஓரெண்ணுக்கு ஓருருவம் என்று ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு எழுதிய நிரல் இங்கே இடறும். தமிழர் பலர் 1990களில் உருவங்களையே எண்களாக வைத்துத் திஸ்கி போன்ற குறியீடுகளை வகுத்ததும், 1999 பெப்ரவரியிற் சென்னை மாநாட்டில் தாப், தாம் என்பன உருவானதும் இவ்விடரைத் தவிர்ப்பதற்கே.

யுனிகோட் பரவிய பின்னரும் ஒரு குறை பல்லாண்டு நின்றது. பயர்பொக்ஸின் 2ஆம் பதிப்பு வரை, வரியின் இரு ஓரங்களும் நேராகுமாறு நிரவிய தமிழ்ப் பக்கங்கள் அவ்வுலாவியில் உடைந்து தெரிந்தன. கொம்பு ஓரிடத்தும் மெய் ஓரிடத்துமாகச் சிதறின. காரணம் எளியது. வரியை நிரவும்போது அப்பகுதி நிரல் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனி எழுத்தாக எண்ணி இடத்தைப் பங்கிட்டது. கூடி நிற்கவேண்டிய உருவங்களின் நடுவே அது புகுந்தது. தமிழ்த் தளங்களை நடத்தினோர் நிரவுதலையே கைவிடலாயினர். வாசகரோ தமிழ் எழுத்துருவிற் குறை என்றும் யுனிகோட்டிற் குறை என்றும் பழித்தனர். குறை இருந்தது நிரலாளரின் ஓர் ஊகத்திலே.

லினக்ஸ் இயங்குதளத்தில் வேறொரு சிக்கல். இத்தகைய எழுத்துகளைச் சரிவர அமைக்கும் பாங்கோ என்னும் நிரற்றொகுதி அங்கே இருந்தது. அதனைப் பயன்படுத்தினால் ஆங்கிலப் பக்கங்களும் மெதுவாகின்றன என்று முறைப்பாடு எழுந்தது. வேண்டாதோர் நிறுத்திவைக்க ஓர் அமைப்பு ஏற்பட்டது. வேகத்தைக் காக்கும் விதியும் பிறமொழி எழுத்தைக் காக்கும் கடமையும் முரணுமிடத்துத் தோற்றது எது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2008 ஜூன் 17ஆம் நாள் வெளிவந்த 3ஆம் பதிப்பிலேதான் இரண்டும் தீர்ந்தன. அதற்கெனக் கெக்கோவின் எழுத்தமைப்புப் பகுதி புதிதாக எழுதப்பட்டது; பிரிக்கலாகா எழுத்துக் கொத்தே அதில் அடிப்படை அலகாயிற்று. தனி எண்ணை அலகாகக் கொள்ளும் பழைய ஊகம் அவ்வளவில் நீங்கியது.

இதன்மேல் எழுந்ததே ஹார்ஃப்பஸ். பாரசீகத்திலே திறந்த எழுத்து எனப் பொருள்படும் இப்பெயருடைய நிரற்றொகுதியைப் பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்பார் புதுக்கி எழுதினார். அவர் கையாண்ட முறை தனிச்சிறப்புடையது. விக்கிப்பீடியாவிலிருந்து இந்திய மொழி ஒவ்வொன்றின் சொற்களையும் திரட்டி, ஒவ்வொரு சொல்லையும் தம் நிரலாலும் மைக்ரோசொப்டின் நிரலாலும் எழுதுவித்து ஒப்புநோக்கினார். எத்தனை சொல் பிழைத்தன என்ற கணக்கை மொழிவாரியாக மாற்றக் குறிப்புகளிலே பதிந்தார். தமிழ்ச் சொற்கள் ஊகத்துக்கு விடப்படாமற் சோதனையாக மாறிய இடம் இது. இன்று பயர்பொக்ஸும் குரோமும் எழுத்தமைப்புக்கு நாடுவது ஹார்ஃப்பஸையே.

பிற்கால வாதங்களை விரைந்து நோக்கினால் போதும். கூகிள் 2013 ஏப்பிரல் 3ஆம் நாள் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்க் என்னும் பொறியை அறிவித்தபோது, பிரிவினால் 7,000க்கு மேற்பட்ட கோப்புகளையும் 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வரிகளையும் நீக்கலாம் என்று கூறியது. உடன்பாடு காண முயல்வதினும் பிரிந்து செல்வதே எளிது என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு. வரியின் தொடக்கத்தில் விடும் வெளி வெப்கிட்டுக்கு நான்கு, கூகிளுக்கு இரண்டு. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இவ்வேறுபாடும் அற்பமானதன்று. கொழுந்தெடுப்போர் செடியின் மேல் மட்டக்கம்பு வைத்துப் பார்ப்பது அழகுக்கன்று. அடுத்த முறை வேறொருவர் வந்தாலும் மட்டம் மாறாதிருத்தற்கே.

மொசில்லா 2018 நவம்பர் இறுதியிலே தன் சி பிளஸ் பிளஸ் நிரல் முழுவதையும் கூகிளின் எழுத்து நடைக்கு இயந்திரத்தாலேயே மாற்றியமைத்தது. அதுவரை மாற்றத்தை எதிர்த்தோர் கூறிய காரணம் வரலாறு பற்றியது. ஒரு வரியை யார், ஏன் எழுதினார் என்று பின்னோக்கித் தேடுவார்க்கு, எல்லா வரியும் ஒரே நாளில் மாறியதாகத் தோன்றுமே என்பதாம். ஆகவே வரலாறு தேடும் கருவி இதனைத் தாண்டிச் செல்க எனப் பொருள்படும் குறிப்பொன்றை அம்மாற்றத்தின் தலைப்பிலேயே பொறித்தனர். 2005இல் அப்பிளிடம் கே.டி.ஈ. கேட்டதும் இதுவே அன்றோ?

விதியால் மட்டும் சில பிழைகளைத் தடுக்க இயலாது என்ற முடிவுக்கு வந்தோர் மொழியையே மாற்றினர். கணினி நினைவகத்தைத் தவறாகக் கையாளும் பிழைகளைத் தொகுப்பியே தடுக்கும் ரஸ்ட் மொழி 2015 மே மாதத்தில் 1.0 பதிப்பை எய்தியது. அதில் எழுதப்பட்ட சேர்வோ என்னும் சோதனைப் பொறியை மொசில்லா 2012 முதல் வளர்த்தது. அதன் ஒரு பகுதி 2017 நவம்பரிற் பயர்பொக்ஸின் 57ஆம் பதிப்பிற் சேர்ந்தது. தம் பொறியின் கடும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று குரோம் நிரலாளர் 2020இல் வெளியிட்ட கணக்கு இம்முயற்சிக்கு அரண் செய்தது. அவ்வாண்டே மொசில்லா ஆட்குறைப்புச் செய்தபோது சேர்வோ கைவிடப்பட்டு, நவம்பரில் லினக்ஸ் பவுண்டேசனிடம் சென்றது. அங்கே அது இன்றும் வளர்கின்றது. பழைய பொறிகளின் நிரலைப் பெரிதும் துறந்த சேர்வோ, எழுத்தை அமைக்கும் வேலையை ஹார்ஃப்பஸிடம் ஒப்படைத்திருந்தது.