பாக்சில் வழக்கும் 329-ஆம் ஆய்வும்

பாக்சில் என்பது பராக்செட்டின் என்னும் மனச்சோர்வு மருந்தின் அமெரிக்க வணிகப் பெயர். பிரிட்டனில் இதன் பெயர் செராக்சாட். இதைத் தயாரித்த ஸ்மித்கிளைன் பீச்சம் நிறுவனம் 2000-இல் கிளாக்சோ வெல்கமுடன் இணைந்து கிளாக்சோஸ்மித்கிளைன் ஆனது. பதின்பருவத்தினரிடம் இம்மருந்தைச் சோதித்த ஆய்வுக்கு நிறுவனம் இட்ட எண் 329.

1994 முதல் 1998 வரை நடந்த அந்த ஆய்வில் 275 பேர் பங்கேற்றனர். 93 பேருக்குப் பராக்செட்டின், 95 பேருக்கு இமிப்ரமின் என்ற பழைய மருந்து, 87 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை தரப்பட்டன. முன்கூட்டியே வகுத்த அளவுகோல் எதிலும் பராக்செட்டின் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. பயன் நிரூபணமாகவில்லை என்று வெளியே சொல்வது வணிகத்துக்கு ஒவ்வாது என 1998-இல் நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்று கூறியது.

ஆயினும் 2001-இல் வெளியான ஆய்விதழ்க் கட்டுரை மருந்து பயனுள்ளது, பாதுகாப்பானது என்றே முடிந்தது. பின்னர் சேர்த்த வேறு அளவுகோல்களே அதற்குக் கைகொடுத்தன; விடைத்தாளைப் பார்த்துவிட்டு வினாத்தாளை மாற்றியது போல. தற்கொலை தொடர்பான நிகழ்வுகள் அதில் 'உணர்ச்சித் தடுமாற்றம்' என்ற மழுப்பலான தலைப்புக்குள் அடங்கிப்போயின. விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அனுப்பிய குறிப்போ இம்மருந்தின் பயனையும் பாதுகாப்பையும் வியந்து புகழ்ந்தது.

2003-இல் பிரிட்டன் அரசு 18 வயதுக்குட்பட்டோரின் மனச்சோர்வுக்கு இதைத் தரவேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. 1998-ஆம் ஆண்டு உள்குறிப்பை 2004 தொடக்கத்தில் கனடிய மருத்துவ இதழ் ஒன்று வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர், பாதகமான முடிவுகளை மறைத்தது நுகர்வோர் மோசடி என்று வழக்குத் தொடுத்தார். ஆகஸ்டிலேயே சமரசம் ஏற்பட்டது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் 25 லட்சம் டாலர் கட்டியது. அத்தகைய நிறுவனத்துக்கு இது சில்லறைக் காசு. சமரசத்தின் மற்றொரு நிபந்தனைதான் கனமானது: தன் மருந்து ஆய்வுகளின் முடிவுச் சுருக்கங்களை நிறுவனம் இணையத்தில் பொதுவில் வைக்க வேண்டும்.

அந்த நிபந்தனை யாரும் எதிர்பாராத இடத்தில் பலன் தந்தது. 2007-இல் இதயநோய் வல்லுநர் ஸ்டீவன் நிசென் அந்தத் தளத்திலிருந்த தரவுகளையும் கொண்டு, இதே நிறுவனத்தின் நீரிழிவு மருந்தான அவாண்டியா மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுவதாகக் கட்டுரை வெளியிட்டார். 2012-இல் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் செலுத்த இசைந்தது. பாக்சிலை முறைகேடாகச் சந்தைப்படுத்தியதும், அவாண்டியா பற்றிய பாதுகாப்புத் தரவுகளை அரசுக்குத் தெரிவிக்காததும் அது ஒப்புக்கொண்ட குற்றங்களுள் அடங்கும்.

இதற்கிடையே, 2004 அக்டோபரிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சிறார்க்கு ஏற்படக்கூடிய தற்கொலை எண்ணம் குறித்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை எல்லா மனச்சோர்வு மருந்துகளுக்கும் கட்டாயமாக்கியிருந்தது. (இதைப் படித்து எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பராக்செட்டினைத் திடீரென நிறுத்துவதே தொல்லை தரும். மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.)

2015-இல் வேறொரு குழு 329-ஆம் ஆய்வின் மூலத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எதிர்மாறான முடிவை வெளியிட்டது. நோயாளிகளின் பதிவேடுகள் ஏறத்தாழ 77,000 பக்கங்கள். நிறுவனம் அனுமதித்த கணினித் திரை வழியாக மட்டுமே பார்க்க முடிந்ததால், மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் பதிவேடுகளையே அவர்களால் ஆராய முடிந்தது.