ஆர்குட்ல போட்ட போட்டோ எல்லாம் எங்க போச்சு?

2005-க்கும் 2010-க்கும் நடுவுல காலேஜ் படிச்சவங்களா நீங்க? அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

கூகுளில் வேலை பார்த்த ஆர்குட் பூயூக்கோக்டென் என்ற துருக்கிப் பொறியாளர் உருவாக்கியது அது. அவர் பெயரையே வைத்து 2004 ஜனவரியில் வெளிவந்தது. ஃபேஸ்புக் பிறந்தது அடுத்த மாசம்தான். அமெரிக்கா ஆர்குட்டைப் பெருசா கண்டுக்கல. தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினது பிரேசிலும் நாமளும்தான்.

நாகர்கோவில்ல அப்போ எத்தனை வீட்டுல நெட் இருந்துச்சு சொல்லுங்க? பிரவுசிங் சென்டர்தான் கதி. மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துட்டு, ஒரு போட்டோ ஏறுறதை உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். ஆரம்பத்துல ஒருத்தருக்கு 12 போட்டோதான் அனுமதி. பதிமூணாவது போடணும்னா பழசுல ஒண்ண அழிக்கணும். இன்னைக்கு கல்யாண வீட்டுச் சாப்பாட்டு இலைக்கே 12 எடுக்கிறோம்!

நம்ம மாவட்டத்துல வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காத அண்ணனுக்கு, ஊருக்குப் போயிட்டு வர்ற யாராவது ஆல்பம் கொண்டு வந்தாதான் உண்டு. அவருக்கு அந்த வாரமே மணமேடையைக் காட்டினது ஆர்குட்.

இன்னொரு பக்கமும் உண்டு. யார் போட்டோவையும் யாரும் எடுத்து போலி ப்ரொஃபைல் திறக்கலாம். அதனாலதான் நிறைய பெண்கள் பூ, பொம்மை, நடிகை படம்னு வச்சாங்க. ஆல்பத்தைப் பூட்டுற வசதி பிற்பாடுதான் வந்துச்சு. ஃபேஸ்புக் ஜெயிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். 2010-ல் இந்தியாவிலயே ஃபேஸ்புக் முந்திடுச்சு.

2014 ஜூன் 30-ல் அறிவிப்பு. செப்டம்பர் 30-ல் மூடல். போட்டோக்களை இறக்கிக்க 2016 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தாங்க. நியாயமான அவகாசம்தான். ஆனா பாஸ்வேர்டே மறந்துபோனவருக்கு ரெண்டு வருஷம் கொடுத்தா என்ன, பத்து வருஷம் கொடுத்தா என்ன?

சுதாரிச்சு கூகுள் பிளஸுக்கு மாத்தினவங்க கதை இன்னும் பாவம். அதையும் 2019 ஏப்ரல் 2-ல் மூடிட்டாங்க. நடுவுல 2016-ல் பிக்காசாவும் போச்சு.

ஒரு டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. ஓபில பழைய ரிப்போர்ட் கேட்டா, "செல்லுல போட்டோ எடுத்து வச்சிருந்தேன் சார், போன் மாத்தினதுல போயிட்டு" என்ற பதில் அடிக்கடி வருது. நெஞ்சுவலின்னு வர்றவர்கிட்ட பழைய ஈசிஜி இருந்தா, இப்ப தெரியற மாற்றம் புதுசா பழசான்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லன்னா அதுக்கே நேரம் போகும்.

டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் பேப்பராவே ஒரு ஃபைல்ல இருக்கட்டும். போட்டோ கூடுதலா இருக்கலாம். ஈசிஜி பேப்பர் மட்டும் நாளாக நாளாக எழுத்து மங்கிடும், பஸ் டிக்கெட் மாதிரி. அதை அன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சிடுங்க.