இறக்கையை மடிச்சா கொட்டகை செலவு குறையும்

காஞ்சிபுரத்துல தறி வெச்சிருக்கிற வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா? தறிக்கு இடம் விட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். பாவை முழு நீளத்துக்கு இழுத்து விரிக்கணும்னா வீடு பத்தாது, தெருவுக்குத்தான் வரணும். மழை வந்தா வேலை நின்னுடும். இன்னைக்கு நான் சொல்லப்போற விமானக் கதையிலும் அதே மூணு சிக்கல்தான்: துணி, மழை, இடம்.

1910 மார்ச். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாவது வருஷம். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் ஒரு விமானம் செய்யவைத்து, தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்து காட்டினார். அது ஒரு தனிமனிதரின் ஆசை. 1930-ல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் வந்தபோது கேள்வியே வேற: ஒரு கிளப், தன் விமானத்தைக் கட்டுப்படியாகும் செலவில் எங்கே வைக்கிறது?

அந்தக் காலத்துக் கிளப்களின் செல்லப்பிள்ளை டி ஹாவிலேண்ட் மாத். 1925-ல் முதலில் பறந்தது. உடம்பு ஒட்டுப்பலகை. இறக்கை, மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி 'டோப்' பூசிய துணி. நம்ம ஊர் வெயிலிலும் ஐப்பசி மழையிலும் வெளியே விட்டா துணி நைந்துபோகும், பசை விட்டுப்போகும். அதனால ஹேங்கர் ஆடம்பரம் இல்லை, அவசியம்.

ஹேங்கரில் காசைத் தின்பது சுவர் இல்லைங்க. நடுவில் தூண் இல்லாத அகலமான வாசலும், அதுக்கு மேலே நிற்கும் கூரையும்தான். அகலம் கூடக்கூட உத்தரம் கனக்கும், செலவு ஏறும். மாத்தை வடிவமைத்தவர்கள் கொட்டகையைப் பெரிசாக்கச் சொல்லலை, விமானத்தைச் சின்னதாக்கினாங்க. 30 அடி அகல இறக்கையைப் பின்பக்கமா மடிச்சா சுமார் 10 அடிதான்!

முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் வேற வழி பிடிச்சாங்க. மரச்சட்டம், மேலே கேன்வாஸ். கயிறும் துணியும் செய்த பெஸ்ஸோனோ கம்பெனியின் தயாரிப்பு. கழற்றி இன்னொரு இடத்தில் நட்டுக்கலாம். 1932-ல் கராச்சிக்கும் மெட்ராஸுக்கும் நடுவே டாடாவின் அஞ்சல் விமானம் பறக்க ஆரம்பிச்சப்போ, பம்பாய் ஜூஹுவில் அவங்களுக்கு இருந்தது ஓலைக் கூரைக் குடிசைதான்.

இப்போ காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூருக்கு வருவோம். 2022-ல் புதிய விமான நிலையம் அறிவிச்சதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் வயலுக்காகவும் ஏரிக்காகவும் போராடுறாங்க. பெரிய விமான நிலையத்தையும் கிளப் கொட்டகையையும் ஒரே தராசில் வைக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா "எவ்வளவு இடம் வேணும்?" என்பதற்கு முன்னாடி "எதை மடிக்கலாம்?"னு கேட்ட ஒரு காலம் இருந்தது. அந்தக் கேள்வி இன்னும் பழசாகலை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.