கண்ணை மூடிக் கேட்ட படம்: தமிழில் பின்னணி இசை ரசனை உருவான வழி

திரைப்படப் பின்னணி இசையில் ஊறிய தமிழ் ரசிகர் இருவர் பேசத் தொடங்கினால், முதலில் ஓர் இசைத்துண்டின் பெயரைச் சொல்வதில்லை, காட்சியைச் சொல்கிறார்கள். "மௌன ராகத்துல ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல ரேவதி காத்துக்கிட்டு இருப்பாங்களே, அங்க வர்ற பிட்டு" என்பதுதான் அவர்களிடையே அந்த இசைக்கு உள்ள முகவரி. பாட்டுக்குப் பல்லவி பெயராகிவிடும். ராகத்துக்குப் பெயர் உண்டு. பின்னணி இசைக்குப் பெயர் இல்லை. இந்தப் பெயரின்மையைச் சிறு விஷயம் என்று தள்ளாமல் ஒரு வரலாற்றுச் சான்றாகவே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இளையராஜா என்ற மேதை வந்தார், மக்கள் பின்னணி இசையைக் கவனிக்கத் தொடங்கினார்கள், பிறகு கருவிகள் பெருகின என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அதில் பாதி உண்மை. மேதை இசையமைக்கலாம், அதைக் கேட்கும் காதை அவர் ஒருவரே உண்டாக்கிவிட முடியாது. அந்தக் காது இசைத்தட்டுக் கடையிலோ கச்சேரி மண்டபத்திலோ பழகவில்லை, படத்தைப் பார்க்காமல் கேட்கும் பழக்கத்தில், அதாவது கதை வசன இசைத்தட்டிலும் வானொலி ஒலிச்சித்திரத்திலும் பழகியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தொழில் நடந்த முறையைப் பார்க்க வேண்டும். கோடம்பாக்கத்தில் பின்னணி இசை சேர்க்கும் வேலைக்கு வழங்கும் பெயர் 'ரீரெக்கார்டிங்'. பாட்டு படப்பிடிப்புக்கு முன்பே பதிவாகிவிடும். ரீரெக்கார்டிங், படம் வெட்டி ஒட்டி முடிந்து, வசனமும் சேர்ந்தபின், வெளியீட்டுத் தேதி கழுத்தை நெரிக்கும் நேரத்தில் நடப்பது. ரீல் ரீலாகப் படத்தைத் திரையில் ஓட்டுவார்கள். ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். இசையமைப்பாளர் பார்த்துக் குறித்துக்கொண்டு எழுத, கருவிக் கலைஞர்கள் வாசிக்க, அது பதிவாகும். பிறகு வசனம், இசை, காலடியோசை முதலான சப்தங்கள் மூன்றும் கலந்து ஒரே தடமாகப் பிலிமில் ஏறும். கலந்தபின் பிரிக்க வழியில்லை. பாட்டு ஒரு சரக்கு. படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். பின்னணி இசைக்கு விற்கும் உருவமே இருக்கவில்லை. 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வந்தபோது, இசைத்தட்டுக் கம்பெனிக்கு அதில் விற்பதற்குப் பாட்டு ஒன்றும் இல்லை. அந்தப் படத்தின் இசையைக் கேட்க விரும்பியவர் திரும்ப டிக்கெட் வாங்கித்தான் கேட்டிருக்க வேண்டும்.

இந்த அடைப்பில் ஓர் ஓட்டை இருந்தது. அதைத் திறந்தது இசை இல்லை, வசனம். தமிழ்நாட்டில் படத்தின் வசனமே தனியாக விற்கும் பண்டம். 'திருவிளையாடல்' கதை வசனம் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஒலிபெருக்கியில் ஊரையே எழுப்பியது. 1984இல் 'விதி' படத்தின் நீதிமன்ற வாதங்கள் ஒலிநாடாவாக டீக்கடை தோறும் ஓடின. இந்தியில் 'ஷோலே' வசனத் தட்டு பெரும் விற்பனை கண்டதும் நினைவில் கொள்ளத்தக்கது. தமிழுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று பெருமை கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் வானொலி இதற்கு வாரந்தோறும் திரும்பி வரும் ஒரு நிலைத்த வடிவம் கொடுத்தது. ஒரு முழுப் படத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருக்கி ஒலிபரப்பிய 'ஒலிச்சித்திரம்', ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் சமையலறைக்கும் திண்ணைக்கும் படத்தைக் கொண்டுவந்தது. திரையில் கண் செய்யும் வேலை முழுவதையும் அங்கே காது செய்தாக வேண்டும். கதவு திறந்து உள்ளே வந்தவர் நல்லவரா கெட்டவரா என்பதை அவர் வாய் திறப்பதற்குள் சொல்லிவிடுவது பின்னணியில் எழும் வயலின்தான். காலம் கடந்துவிட்டது என்பதையும், இடம் மாறிவிட்டது என்பதையும், பேசாமல் நிற்பவர் அழுகிறார் என்பதையும் இசையைக் கொண்டே கேட்பவர் ஊகித்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மக்கள் கேட்டது 'திருவிளையாடல்' தருமியின் புலம்பலையும் 'விதி' வக்கீலின் வாதத்தையும்தானே, இசையை யார் கேட்டார்கள்? நியாயமான கேள்வி. கேட்டவர்களின் நோக்கம் வசனமே என்பதில் ஐயமில்லை. ஒலிச்சித்திரத்துக்காகப் படத்தைச் சுருக்கும்போது முதலில் கத்தரி விழுந்ததும் பேச்சில்லாத நீண்ட பகுதிகளில்தான். இசை மட்டும் ஒலிக்கும் இடங்கள் பெரும்பாலும் போயே போயின. ஆனால் என் வாதத்துக்கு வலு சேர்ப்பதும் இதுதான். காதில் மிஞ்சியது பேச்சுக்கு அடியில் ஓடும் இசையும், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே தலைகாட்டும் இசையும். இன்று தமிழ் ரசிகர் ஒரு பின்னணி இசையைப் பாராட்டும்போது எந்த அளவுகோலை எடுக்கிறார் என்று பாருங்கள். "டயலாக்குக்கு இடம் விட்டிருக்கார்", "அந்த இடத்துல மியூசிக்கே போடல பாரு", "அவர் பேசி முடிச்சதும் புல்லாங்குழல் எடுக்கும்": மூன்றும் வசனத்தோடு இசைக்குள்ள உறவைப் பற்றிய தீர்ப்புகள். தனி இசைத்தட்டில் பழகிய காதுக்கு மௌனத்தைப் பாராட்டத் தோன்றாது. தட்டில் மௌனத்துக்குத் தடம் ஒதுக்குவதில்லை.

ஹாலிவுட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளியும். அங்கே ரசிகரின் கைக்கு வந்தது இசையமைப்பாளர் தேர்ந்து அடுக்கிய இசைத்தட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பு உண்டு. ஜான் வில்லியம்ஸ் 'ஜாஸ்' படத்துக்கு 1975இல் வந்த தட்டுக்காக இசையை மறுபடி வாசிக்கச் செய்தே பதிவுசெய்தார். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' இரட்டைத் தட்டாக வந்தது. தட்டு வராத பழைய இசைகளுக்காக எல்மர் பெர்ன்ஸ்டைன் 1974 முதல் சந்தாதாரர்களைச் சேர்த்துத் தாமே புதிதாக வாசிக்கவைத்து வெளியிட்டார். அந்த ரசிகர்களின் ஓயாத வழக்கு, தட்டில் உள்ள வரிசை சிறந்ததா, படத்தில் வரும் வரிசையில் எல்லாத் துண்டுகளும் வேண்டுமா என்பது. தட்டு ஒன்று இருந்தால்தானே இந்த வழக்கு. தமிழில் அப்படியொரு சண்டை நெடுங்காலம் எழவே இல்லை. எழ வாய்ப்பும் இல்லை.

1976இல் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தபோது காது இவ்வாறு தயாராக இருந்தது. இளையராஜா செய்த புதுமை, பாட்டுக்கும் ரீரெக்கார்டிங்குக்கும் இடையிலிருந்த சுவரைத் தட்டியது. 'நாயகன்' (1987) சரியான எடுத்துக்காட்டு. 'தென்பாண்டிச் சீமையிலே' மெட்டு குரலோடு ஒரு முறை, குரலின்றி வேறு முறை, கருவி மாறி இன்னொரு முறை என்று படம் முழுதும் நடந்துவருகிறது. கேசட்டில் அந்தப் பாட்டைத் தேய்த்தவர் திரையரங்கில் அதை அடையாளம் காண்கிறார். அடையாளம் கண்டதை வெளியே வந்து நண்பரிடம் சொல்கிறார். கருத்துப் பரிமாற்றத்துக்கு இதுவே முதல் பொதுச்சொத்து. எண்பதுகளில் ஒலிநாடாவும் வீடியோ நாடாவும் வீட்டுக்கு வந்ததும், வசனமில்லாத சில நொடிகளைத் தேடிப் பிடித்துப் பதிவுசெய்யும் வேலை தொடங்கியது. அப்படிப் பிடித்த துண்டில் கொலுசுச் சத்தமும் பேருந்து ஹாரனும் கூடவே வரும். தொகுப்பாளர், பதிப்பாளர், விமர்சகர் மூவர் வேலையையும் ரசிகரே செய்தார். எந்த இடத்தில் வெட்டத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்வதே ஒரு கருத்துரை.

அப்படியானால் 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்கலாம். தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தனித் தொகுப்புதானே தமிழர்களுக்குச் சொல்லற்ற இசையைப் பழக்கியது? அதன் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் பற்றிய பேச்சு ராகம், மேலை இசை, இரண்டின் கலப்பு என்ற வேறு சொற்களில் நடந்தது. பிறகு பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்தில் அந்தத் தொகுப்பின் இசையையே பின்னணியாக எடுத்தாண்டார். தட்டிலிருந்து படத்துக்கு இசை போன அரிய பயணம் அது. அதற்குப் பிறகு பலருக்கும் அந்த இசை, கட்டி முடிக்கப்படாத ஒரு வீட்டின் சுவர்களோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது. பெயர் இருந்த இசையையும் காட்சி தன் பெயரால் அழைத்துக்கொண்டது.

உண்மையான திருப்பம் 1995. 'பம்பாய்' ஒலிநாடாவில் பாட்டுகளோடு 'பம்பாய் தீம்' தனித் தடமாக, பெயரோடு வந்தது. 'புன்னகை மன்னன்' தீம் போல முன்னோடிகள் உண்டு என்றாலும், படத்தைப் பார்க்கும் முன்பே வீட்டில் நூறு முறை கேட்டு, பிறகு திரையில் அது எங்கே வரும் என்று காத்திருக்கும் அனுபவம் பரவலானது ஏ. ஆர். ரகுமானோடுதான். அந்த இசை படத்தை விட்டும் பிரியக்கூடியது. தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்திலும், 2005இன் 'லார்ட் ஆஃப் வார்' படத்திலும் அது ஒலித்ததே சான்று. ஆகத் தமிழில் இரண்டு மரபுகள் அருகருகே நடந்தன: காட்சியிலிருந்து இசைக்குப் போகும் பழைய வழி, இசையிலிருந்து காட்சிக்கு வரும் புதிய வழி. இளையராஜா ரசிகர், ரகுமான் ரசிகர் என்று பிரிந்து நடக்கும் முடிவற்ற சண்டையை வெறும் நட்சத்திர வழிபாடு என்று ஒதுக்குவோர் உண்டு. அதில் வழிபாடு நிறையவே இருக்கிறது. ஆயினும் ஒரு பக்கம் "சீனுக்கு என்ன செய்தது" என்றும், மறுபக்கம் "தனியாகக் கேட்டால் நிற்கிறதா" என்றும் கேட்பதால், இருவரும் ஒரே இசையை இரண்டு தராசில் நிறுக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சண்டை தீர்வதில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. காட்சி தந்த உணர்ச்சியை ரசிகர்கள் இசைக்குக் கடன் எழுதுகிறார்கள். நடிப்பையும் எடிட்டிங்கையும் மறந்து "பிஜிஎம்தான் காப்பாத்துச்சு" என்கிறார்கள் என்பது. பல நேரம் இது சரிதான். ஆனால் படத்துக்கென்று எழுதிய இசையைக் காட்சியின் கறை படாமல் மதிப்பிட வேண்டும் என்று கேட்பது, கூத்தின் மத்தளத்தை அடவு இல்லாமல் மதிப்பிடச் சொல்வது போன்றது. கறையோடு மதிப்பிடுவதில் பிழை வரும். கறை நீக்கி மதிப்பிட்டால் பொருளே மாறிவிடும். இரண்டில் முதல் பிழையே சிறியது என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறுவனங்கள் மெதுவாகவே வந்து சேர்ந்தன. தேசிய விருதில் மலையாளப் படமான 'சுகிர்தம்' பின்னணி இசைக்காக இசையமைப்பாளர் ஜான்சன் 1990களின் நடுவில் கௌரவிக்கப்பட்டிருந்தாலும், பாட்டுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனி விருது என்பது நிலைபெற்றது 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. 'பழசிராஜா'வின் பின்னணி இசைக்காக இளையராஜா அதைப் பெற்றார். 2013இல் பாட்டே இல்லாத 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில் இயக்குநர் மிஷ்கின் இளையராஜாவின் இசையை 'முன்னணி இசை' என்றே போட்டார். அந்த இசை தொகுப்பாகவும் வெளிவந்தது. இன்று படம் வெளியான சில வாரங்களில் முழுப் பின்னணி இசையும் தலைப்புகளோடு கிடைக்கிறது. கிடைத்ததும் பேச்சு வளர்ந்ததா என்றால், எனக்கு ஐயம். நாயகன் நுழையும்போது அதிரும் அரை நிமிடமே பிஜிஎம் என்றாகி, தீர்ப்பும் "புல்லரிக்குது" என்ற ஒற்றைச் சொல்லுக்குச் சுருங்கிவருகிறது. பழைய ரசிகருக்குப் பொருள் கிடைக்கவில்லை, அதனால் விளக்க வேண்டியிருந்தது: எந்த ரீல், யார் பேசியபின், எந்தக் கருவி.

பழைய படங்களின் இசைத்தடம் தனியாகக் காப்பாற்றப்படாதபோது இன்றைய மென்பொருள் வசனத்தை வடிகட்டித் தர முயல்கிறது. 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியில் மழை, நகரும் ரயில், கமலின் கதறல் எல்லாம் இசையோடு ஒரே தடத்தில் கலந்து கிடக்கின்றன. ரயிலை நீக்கிச் சுத்தமாக்கிய பிரதியைக் கேட்டுவிட்டு, பழகிய காது ஏதோ ஒரு கருவியை விட்டுவிட்டார்கள் என்றுதான் குறை சொல்லும்.