‘நியாயமானது’ என்று எழுதுமுன்: 1954 துப்பாக்கிச் சூடும் ஓர் ஆங்கில அடைமொழியும்

தென்திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தை ஆய்வு செய்யும் மாணவர்களுக்காக இக்குறிப்பை எழுதுகிறேன். ஆங்கில ஆவணங்களில் வரும் ‘ஜஸ்டிஃபைடு’, ‘ஜஸ்டிஃபையபிள்’ என்னும் இரு அடைமொழிகளையும் ‘நியாயமானது’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடுவது எளிது. அந்த எளிமையே வரலாற்றைத் திரித்துவிடக்கூடும்.

இரண்டும் ‘நீதியானதாக ஆக்குதல்’ என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. முன்னது, நியாயம் நிறுவப்பட்டுவிட்டது என்கிறது. பின்னது, நிறுவ இயலும் என்று மட்டுமே சொல்கிறது. முன்னது தீர்ப்பு, பின்னது வாதத்திற்கான இடம்.

சட்டம் இதை மேலும் நுட்பமாக்குகிறது. 2024 வரை நடப்பிலிருந்த, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 79ஆம் பிரிவில், சட்டப்படி நியாயமுடைய செயலைக் குற்றமன்று என்றது. தன் செயல் அத்தகையது என்று, நிகழ்வு பற்றிய பிழையால், நல்லெண்ணத்தோடு நம்பியவருக்கும் அதில் அதே காப்பு இருந்தது. ஆகவே ஒருவர் குற்றவாளி அல்லர் என்பதாலேயே அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது.

1954 ஆகஸ்ட் 11 அன்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் விடுதலை நாள் கடைப்பிடித்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. அப்போது திருவனந்தபுரத்தில் ஆட்சியிலிருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப் பிள்ளை. அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா நைனி சிறையில் இருந்தார். தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்று அங்கிருந்து கோரினார். கட்சித் தலைமை அதை ஏற்கவில்லை. லோகியா பொறுப்பைத் துறந்தார். 1955இல் கட்சி பிளந்தது.

இங்கு எழுந்த கேள்வி இரண்டு. சுட்ட காவலருக்குச் சட்டக் காப்பு உண்டா என்பது ஒன்று. மக்களைச் சுட்ட ஓர் அரசு, தன்னைச் சோஷலிச அரசு என்று சொல்லிக்கொள்ளத் தகுமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு எந்த விடை கிடைத்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கும். லோகியா கேட்டது இரண்டாவதை.

ஆகவே நண்பர்களே, முன்னதை ‘நியாயமென நிறுவப்பட்ட’ என்றும், பின்னதை ‘நியாயப்படுத்தத்தக்க’ என்றும் பிரித்து எழுதலாம். அதைவிட முக்கியமானது, எந்த அளவுகோலால், யார், யாரிடம் சொன்னது என்பதையும் உடன் குறிப்பது. காவல்துறைக் குறிப்பில் உள்ள அடைமொழி காவல்துறையின் தற்காப்பு வாதம். அது ஆய்வாளரின் முடிவு ஆகாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லை மாறிற்று, மாண்டவர் மீண்டிலர். அவர்களைப் பற்றி எழுதும் வாக்கியத்தில், அவர்களைச் சுட்டவர்களின் அடைமொழியை நாம் அறியாமல் வழிமொழியலாகாது.